ஆளைத் தேடிப் போகும் மணி

பொரியை வாங்கிக்கொள்ளப் பாக்கியசாமிக்குக் கை காலியாக இல்லை. ஒரு கையில் சீரியல் பல்புச் சரம், மறு கையில் சின்ன முதலாளியின் கார்ட்லெஸ் போன். விமலாராணி அவன் சட்டைப் பையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து அள்ளிப் போட்டாள்.

"ஏனுங்க, பழம் ஒண்ணு இருக்குது. பையில போட்டா நசுங்கிப்போயிரும்."

"நீயே ஊட்டி உட்டுரு அம்மணி."

"ஆபீஸ் வாசல்ல நின்னுட்டுக் கேக்கறதப் பாரு! மேனேஜரு பாக்கறாருங்க."

"பாத்தா பாக்கட்டும். அவுருக்கும் ஒரு பழம் குடு."

அவள் ஊட்டவில்லை. பழத்தை உரித்து அவன் வாயில் ஒரே திணிப்பாகத் திணித்துவிட்டு, தோலோடு உள்ளே ஓடினாள். கன்னம் உப்பிய முகத்தோடு அவன் கேட்டுப் பக்கம் பல்பு கட்டப் போனான்.

தொண்ணூற்றேழாம் வருடத்து ஆயுத பூஜை அது. அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அழகிரிசாமியின் நூல் மில்லில் அவன் ஒயர்மேன், அவள் டெலிபோன் ஆபரேட்டர். இருவரும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள்தான். ஆனாலும் ஆயுத பூஜையன்று மில்லில் வேதக்காரர், மற்றவர் என்று யாரும் ஒதுங்கி நின்றதில்லை. பல்பு கட்டுவது அவன் வேலை, பொரி பங்கிடுவது அவள் வேலை.

அந்த வருடம் பூஜையில் புதிதாக ஓர் எந்திரம் சேர்ந்திருந்தது. அழகிரிசாமியின் மகன் சைதன்யா அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய கையோடு, கயிறு செருகி லைன் கொடுக்கிற பழைய போர்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது எக்ஸ்சேஞ்ச் வாங்கினான். பின்னறையில் பூட்டிய பீரோ மாதிரி ஒரு பெட்டி. விமலாராணியின் மேஜைமேல் அதற்கு ஒரு பட்டன் போர்டு. மில் முழுக்க அதற்கு ஒயர் இழுத்தவன் பாக்கியசாமி.

அதை விற்க மெட்ராஸிலிருந்து வந்த பையன் கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினான். "இதுவரைக்கும் போன் மேஜைக்கு வந்தது. இனிமே ஆளுக்கு வரும். சார் சீட்டில் இல்லையா, மணி ரூமுக்குப் போகும். அங்கேயும் இல்லையா, கையில் இருக்கிற கார்ட்லெஸ்ஸுக்குப் போகும். இதுக்குப் பேரு பாலோ. இன்னும் பத்து வருஷத்தில் பேச்சு, கடுதாசி, பேக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும். ஆள் எங்கே போனாலும் வேலை தேடிக்கிட்டே வரும்."

கார்டிங் செக்‌ஷன் காளிச்சாமி எழுந்து நின்றான். யூனியனில் அவன் பேச்சுக்கு எப்போதும் மரியாதை. "ஏனுங்க தம்பி, கக்கூஸ்ல குந்தியிருந்தாலும் வருமுங்களா?"

"வரும் சார்."

"சுடுகாட்டுக்கு?"

கேன்டீனே சிரித்தது. பாக்கியசாமி சிரித்ததில் அவன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அவனும் காளிச்சாமியும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

சிரிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அந்த எக்ஸ்சேஞ்சில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே நுழைந்து கேட்கிற வசதி இருந்தது. காளிச்சாமி கார்டிங்கிலிருந்து ஸ்பின்னிங்குக்கு இன்டர்காமில் பேசியதை, சைதன்யா தன் கார்ட்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறான். வேலையை மெதுவாக்குவது பற்றிய பேச்சு அது. நடுவே சின்ன முதலாளியை 'அமெரிக்கா பொம்மை' என்றும் சொல்லியிருந்தான். விசாரணையில் அந்த வார்த்தைகளைச் சைதன்யா அப்படியே திருப்பிச் சொன்னான். காளிச்சாமியின் வேலை போயிற்று.

அதற்கப்புறம் பாக்கியசாமி கேன்டீனில் தட்டோடு வந்து உட்கார்ந்தால், பக்கத்திலிருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். 'ஒட்டுக்கேட்பு' என்றே அவனுக்குப் பெயர் வைத்தார்கள். "நான் ஒயர்தான் இழுத்தேன், காதை நானா வெச்சேன்?" என்று வீட்டில் வந்து கேட்டான். விமலாராணி சோற்றைப் போட்டாள்.

கார்ட்லெஸ்ஸின் மணியும் அவன் கைவேலைதான். ஸ்பின்னிங் இரைச்சலில் அதன் சத்தம் காதில் விழவில்லை என்று சைதன்யா சொன்னதால், போனைப் பிரித்துப் பெரிய பஸ்ஸர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தான். மூடி மூடவில்லை. பேட்டரியோடு சேர்த்து கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தான். சத்தத்தைக் குறைக்கும் பட்டன் அதோடு செத்தது. அந்த மணி தூரத்தில் கேட்டாலே ஆட்கள் பீடியை அணைத்துவிட்டு மெஷின் பக்கம் போனார்கள். சின்னவர் வருகிறார் என்று அர்த்தம்.

பூஜையன்று காலை சைதன்யா வேட்டி துண்டோடு வெறும் மேலோடு நின்றான். போனை வைக்கப் பையில்லை. "பாக்கியண்ணா, கொஞ்சம் வச்சிருங்க" என்று கொடுத்தான். ஐயர் வந்து மெஷினுக்கெல்லாம் சந்தனம் தொட்டார். விமலாராணியின் பட்டன் போர்டுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, மேலே செவ்வந்திச் சரத்தைச் சுற்றினார்கள். தீபாராதனை ஆனதும் அவள் மேனேஜர் பாலுசாமியிடம் போனாள்.

"சார், சின்னவரு போனு எங்க ஊட்டுக்காரருகிட்ட இருக்குது. பாலோவை எடுத்துபோடட்டுங்களா? முதலாளியம்மா பன்னெண்டு மணிக்கு எப்பவும் கூப்பிடுவாங்க."

அழகிரிசாமியின் மனைவி வெங்கடலட்சுமிக்கு வீட்டிலிருந்து மகன் மேஜைக்கு நேரடி ஒயர் இருந்தது. ரிசீவரை எடுத்தாலே போதும், ஆபரேட்டரைக் கேட்காமல் மணி அடிக்கும். மகன் சாப்பிட்டானா என்று தினமும் கேட்பாள்.

பாலுசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். "பூஜையில வெச்சதை எப்பிடிங்க தொடறது? நாளைக்கு மறுபூஜை ஆவோணும். அதுவரைக்கும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டோமே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். பழைய போர்டு இருந்த காலத்தில் பூஜையன்று கயிறுகளையெல்லாம் உருவி வைத்துவிட்டால் போனும் ஓய்ந்துவிடும். இது ஓய்வதில்லை, யார் தொடாவிட்டாலும் தானே வேலை செய்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். வேதக்காரி பூஜையில் வைத்ததைத் தொட்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். விட்டுவிட்டாள்.

கேட்டில் சத்தம் கேட்டது அப்போதுதான்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டவனோ, ரிட்டையரானவனோ, யாராக இருந்தாலும் பூஜையன்று உள்ளே வந்து தான் ஓட்டிய மெஷினைக் கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கிப் போகலாம். அன்றைக்கு யாரையும் நிறுத்துவதில்லை. காளிச்சாமி வெள்ளை வேட்டி கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு தேங்காய் பழத் தட்டுடன் வந்திருந்தான். வாட்ச்மேன் குறுக்கே கம்பியைப் போட்டான்.

"சின்னவரு உத்தரவுங்க. உங்களை மட்டும் உடக் கூடாதுன்னுட்டாருங்க."

"பூஜையன்னிக்கா?"

"நான் என்னங்க பண்ணட்டும்?"

காளிச்சாமி தேங்காயைத் தட்டிலிருந்து எடுத்து, கேட்டுக் கம்பிக்கு நடுவே வாட்ச்மேனின் முகத்தில் ஓங்கி அடித்தான். தேங்காய் உடையவில்லை. மூக்கு உடைந்தது.

உள்ளேயிருந்த ஆட்களே ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டார்கள். விழுந்து கிடந்த வாட்ச்மேனை ஒருவன் உதைத்தான், அடுத்தவன் அவன் தடியைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே போட்டான். பாக்கியசாமி அப்போதுதான் கட்டியிருந்த பல்புச் சரத்தை இழுத்து அறுத்தார்கள். ஏணியில் நின்றவன் குதித்து இறங்கினான். யாரோ "ஒயர் இழுத்தவன்டா!" என்று கத்தினார்கள். பறந்து வந்த கல் அவன் காதுக்குமேல் பட்டது. ரத்தம் சட்டைப் பைக்குள் பொரியின்மேல் சொட்ட, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் மெஷின் கட்டடத்தின் பின்பக்கம் ஓடியதை விமலாராணி ஆபீஸ் ஜன்னலில் பார்த்தாள். கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தாள். அவளேதான் கத்தியிருந்தாள், அவன் பெயரை.

பாலுசாமி சைதன்யாவை வேட்டியோடு காரில் தள்ளிப் பின்கேட் வழியாக அனுப்பினார். சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியதைப் பார்க்கக்கூட டிரைவர் நிற்கவில்லை. மில் நாய் அது. கல் மழையில் ஆபீஸ் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நூல் சாம்பிள் வைத்திருந்த அலமாரி கவிழ்ந்தது. அக்கவுண்ட்ஸில் இருந்த கிழவர் மேஜைக்கடியில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெயின் ஸ்விட்சை எவனோ இறக்கிவிட்டதில் மின்விசிறி நின்றது. பின்னறைப் பெட்டிக்கு மட்டும் பேட்டரி இருந்தது.

பட்டன் போர்டில், செவ்வந்திச் சரத்துக்கு அடியில், ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. கார்ட்லெஸ்ஸிலிருந்து அழைப்பு. விமலாராணி சரத்தைப் பிய்த்தெறிந்தாள்.

"அம்மா, பூஜையில வெச்சது..." என்று கை நீட்டித் தடுத்தார் பாலுசாமி, அந்த நேரத்திலும்.

"எம் புருசன் பேசறாருங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"விமலா," பாக்கியசாமியின் குரல் மூச்சாகத்தான் வந்தது. "சின்னவரு போயிட்டாரா?"

"போயிட்டாருங்க. நீங்க எங்கிருக்கீங்க?"

"பஞ்சு குடோன்ல. பேலுக்குச் சந்துல. வெளிய சுத்தறானுங்க. சின்னவரு இங்க பூந்துட்டாருன்னு எவனோ சொல்லிபோட்டான். போன் ஏரியலைப் பாத்திருப்பான்."

"நாந்தான்னு சொல்லி வெளிய வாங்களேன்."

"என்னையுந்தானே தேடறானுங்க. கொக்கியோட நிக்கறானுங்க, பேல் தூக்கற கொக்கி."

"அந்தப் பேட்டரியக் கழட்டிப்போடுங்க. மணி அடிச்சா..."

"டேப்பு நானே சுத்துனதுதான், உரிய மாட்டேங்குது. டெஸ்டரு கேட்டுகிட்ட உழுந்துபோச்சு. பல்லுல கடிக்கறேன். அதுக்குள்ள நீ பாலோவை எடுத்துரு. ரெண்டு பட்டன்தானே அம்மணி."

"எடுக்கறேன். வெச்சிருங்க."

அவள் முதல் பட்டனை அழுத்தினாள். விளக்கு பச்சையானது. கதவு உடைந்தது.

நாலைந்து பேர். முன்னால் வந்தவன் கார்டிங் செக்‌ஷன் பையன். போன வருடம் ஜோஸ்லினுக்கு, அவள் மகளுக்கு, மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து கொடுத்தவன். கையில் இரும்புப் பைப். பாலுசாமியை ஒருவன் துண்டைக் கழுத்தில் முறுக்கி இழுத்து, தலையைக் கதவு நிலையில் மோதினான். ஒரு தரம், இரண்டு தரம். அவர் கால் உதைத்துக்கொண்டே சரிந்தார்.

"தள்ளிக்குங்கக்கா," என்றான் பையன். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. இந்தச் சனியனைத்தான் உடைக்கோணும்."

"இருடா சாமி, ஒரு பட்டன். ஒரே ஒரு பட்டன்."

"யாரைக் கூப்புடறீங்க? போலீசையா? கையெடுங்கக்கா!"

"அவுருகிட்டப் போனு இருக்குதுடா, எங்க..."

அவள் எடுக்கவில்லை. விரல் இரண்டாவது பட்டன்மேல் இருந்தது. பைப் இறங்கியது. போர்டு இரண்டாகப் பிளந்தது, அவள் நடுவிரலும் மோதிர விரலும் அதோடு சேர்ந்து நசுங்கின. வலி உடனே தெரியவில்லை. பட்டன்கள் கம்மல்போலத் தரையில் உருள்வதைப் பார்த்தாள். பையன் மறுபடி மறுபடி அடித்தான். சந்தனம் பூசிய பிளாஸ்டிக் அவன் முகத்தில் தெறித்தது.

"செத்துதுடா ஒட்டுக்கேட்பு!" என்று கூவினார்கள்.

சாகவில்லை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். உடைந்தது முகம் மட்டும். உயிர் பின்னறைப் பெட்டியில் இருந்தது. அதன் சாவி சைதன்யாவின் காரில் போய்விட்டது. அவள் பின்னறைக் கதவில் தோளால் மோதினாள். அசையவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் பெட்டி மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு குடோனைப் பார்த்து ஓடினாள்.

வழியில் மனிதர்கள் மனிதர்களாக இல்லை. கேன்டீன் மாஸ்டரை அவர் கரண்டியாலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. சைதன்யாவின் அறை நாற்காலி முற்றத்தில் எரிந்தது. பூஜைக்கு வெட்டிய பூசணியின் குங்குமத்தில் வழுக்கி விழுந்தவன்மேல் ஏறி நாலு பேர் ஓடினார்கள். அவளை யாரும் தடுக்கவில்லை. "அக்கா, அந்தப் பக்கம் போவாதீங்க" என்றுகூட ஒருவன் சொன்னான்.

குடோனுக்குள் இருட்டு. இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பஞ்சுப் பொதிகளான பேல்களைக் கூரைத் தகரம்வரை அடுக்கியிருந்தார்கள், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஓராள் ஒருக்களித்துப் போகிற சந்து. வாசலில் முப்பது பேர் இருக்கலாம். அடுக்குகளின் உச்சியில் ஏழெட்டுப் பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சந்து என்று தெரியாமல் எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் காளிச்சாமி. அவன் வெள்ளை வேட்டியில் வாட்ச்மேனின் ரத்தம்.

"சின்னவரே," என்று அவன் கூப்பிட்டான். வெளியே அவ்வளவு கலவரத்துக்கு நடுவேயும் நிதானமாக, மரியாதையாக. "வெளிய வந்துருங்க. எம் பிள்ளைங்க முன்னால என்னைக் கேட்டுல நிறுத்துனீங்கல்ல? அதே கேட்டுல நிக்க வெச்சுக் கேக்கோணும். அவ்வளவுதானுங்க."

விமலாராணி கூட்டத்துக்குள் முட்டி நுழைந்தாள். "அது சின்னவரு இல்லீங்க! எங்க ஊட்டுக்காரரு! பாக்கியசாமிங்க!" முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். சொன்னது உச்சிக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மூச்சு நேரம் வேண்டியிருந்தது.

மணி அடித்தது.

மூன்றாவது சந்திலிருந்து, பஞ்சுக்குள்ளிருந்து, மில்லில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மணி. வீட்டில் வெங்கடலட்சுமி ரிசீவரை எடுத்திருந்தாள். மில்லில் கலாட்டா என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கத்தான். மணி மேஜைக்குப் போனது, ஆளில்லை. ரூமுக்குப் போனது, ஆளில்லை. ஆளைத் தேடிக்கொண்டு குடோனுக்கு வந்தது.

"அங்கடா!" என்றது யார் என்று பின்னால் கோர்ட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. உச்சியிலிருந்தவர்கள் முதுகைச் சுவரில் கொடுத்து, கால்களால் உந்தினார்கள். மேல் பேல் முதலில் கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றது. அப்புறம் போனது. அது இழுத்த இழுப்பில் வரிசையே சாய்ந்தது. தரை அதிர்ந்ததில் தகரக் கூரையிலிருந்து புறாக்கள் கலைந்தன. பஞ்சுத் தூசி எழுந்து யாருக்கும் யாரும் தெரியவில்லை.

தூசிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பாக்கியசாமீங்க," என்று அவள் சொன்னது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. கத்தவில்லை. யாரோ விலாசம் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

காளிச்சாமி உச்சியிலிருந்து குதித்த குதிப்பில் கணுக்கால் மடங்கியது. நொண்டிக்கொண்டே கொக்கியைப் பிடுங்கிப் பேலில் மாட்டி இழுத்தான். "வாங்கடா! இழுங்கடா! அடேய், நம்ம பாக்கியன்டா!" நாலு பேர் சேர்ந்தும் ஒரு பேலை நகர்த்தத் திணறினார்கள். பாதிப் பேர் கொக்கிகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். மற்றவர்கள் கை கிழிய இழுத்தார்கள். விமலாராணியும் உடைந்த கையால் இரும்புப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். பைப்போடு வந்த பையன் அவளுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே இழுத்தான். நாலாவது பேல் புரளும்போது மணி நின்றது. முதலாளியம்மா ரிசீவரை வைத்திருப்பாள்.

முகம் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே நெஞ்சு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பேலின் இரும்புப் பட்டை ஒன்று அறுந்து கழுத்தோரம் இறங்கியிருந்தது. பற்களுக்கு நடுவே கறுப்பு டேப். பாதி உரித்திருந்தான். கண் திறந்துதான் இருந்தது. அவள் மூடினாள்.

கேஸ் மூன்று வருடம் நடந்தது. எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பெட்டியைச் சோதித்துவிட்டு, அதில் ஒரு பழுதும் இல்லை, எப்படி வேலை செய்யவேண்டுமோ அப்படித்தான் செய்திருக்கிறது என்று கூண்டில் ஏறிச் சொன்னார். காளிச்சாமி, "சின்னவருன்னு நெனச்சுத்தானுங்க" என்றான். அது தனக்குச் சாதகமான பதில் என்று அவன் நினைத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை, நடந்ததைச் சொன்னான். அவனும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். தள்ளியது எந்தக் கால் என்று நிரூபிக்க முடியாததால் மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். பைப்போடு வந்த பையன் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

சைதன்யா ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. "அக்கா, நான் போனை வாங்கிட்டுப் போயிருக்கணும்" என்றான். காப்பி ஆறுவதற்குள் அவன் இடுப்பில் புதிதாக மாட்டியிருந்த செல்போன் அடித்தது. எடுக்காமல் அணைத்தான். அது மறுபடி அடித்தது. "அம்மாவா இருக்கும், பேசுங்க தம்பி" என்றாள். அவன் வாசலுக்குப் போய்ப் பேசினான், அப்படியே போய்விட்டான்.

வெங்கடலட்சுமி வரவேயில்லை. அந்த அழைப்பு எங்கே போய் அடித்தது என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா என்பதும் தெரியாது.

மெட்ராஸ் பையன் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பேச்சும் கடுதாசியும் ஒரே பெட்டியில் விழுந்தன, பெட்டியும் சட்டைப் பைக்குள் போயிற்று. மில் கைமாறி, புது ஓனர் எல்லா மெஷினையும் மாற்றினார். ஆபரேட்டர் வேலை என்று ஒன்றே இல்லாமல் போனபின் அவளை ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். மடங்காத இரண்டு விரலை நீட்டியபடியே வந்திறங்கும் லோடுக்கு அவள் டோக்கன் போட்டுக் கொடுப்பாள்.

பஞ்சில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலையிலிருந்து வரும் பேல் மட்டும் மாறவில்லை. ஒன்று நூற்றெழுபது கிலோ.